வாயால் சொல்லு

செண்பகம் கையை உருவிக்கொண்டாள்.

காந்திமதி விடவில்லை. அந்தச் சிறிய உள்ளங்கையை மறுபடியும் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டு "ஆ" என்றாள். தொண்டை அதிர்ந்தது. அதே கையை எடுத்துச் சிறுமியின் தொண்டையில் வைத்தாள். காத்திருந்தாள்.

அங்கே ஒன்றும் அதிரவில்லை.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரிந்தன. ஐம்பது தாண்டிய முகம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது வயது முகம் வாயை மூடிக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க பாரு. ஆ."

செண்பகம் அவளுடைய சேலை நுனியைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தாள்.

"கையை எடு." காந்திமதி ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை நன்றாக விரித்துச் சொன்னாள். "என்ன வேணும்? வாயால சொல்லு."

சேலை விடுபட்டது. சிறுமியின் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. கவுன் இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து இறுகப் பற்றிக்கொண்டன. வாய் மட்டும் திறக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கைக்குட்டை உண்டு. பேசும்போது அதை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். கை சும்மா இருந்தால் சைகை காட்டப் போய்விடும், பிறகு வாய் பாடுபடாது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். நேராக நிற்க வேண்டும். முகம் கோணக் கூடாது. அவசரப்படாமல், முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பிறவியிலேயே காது அறவே கேளாத பிள்ளைகள் அவர்கள். கருவி மாட்டினாலும், பக்கத்தில் வெடி வெடித்தால் ஏதோ அதிர்ந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். தங்கள் குரலை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உதட்டைப் பார்த்து, தொண்டையைத் தொட்டு, கண்ணாடியில் நாக்கைத் தேடி, ஒவ்வொரு எழுத்தாகப் பேச்சைக் கட்டி எழுப்ப வேண்டும்.

அந்த வேலையைக் காந்திமதி அமலி டீச்சரிடம் கற்றுக்கொண்டாள். அதற்கு முன்னால் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் நடத்தியவள். ஒப்பித்தல் போட்டி என்றால் ஜில்லாவில் அவளுடைய பிள்ளைகள்தான் பரிசு வாங்குவார்கள். அமலியின் வகுப்பு ஜன்னல் வழியாக ஒருநாள், ஒரு பிள்ளை முதல்முறையாக 'அம்மா' என்று சொல்வதைப் பார்த்துவிட்டாள். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளிடம் வந்து மாணவியாகச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "டீச்சருக்கே டீச்சரா? ஸ்லேட்டு வாங்கியாச்சா?" என்றார்கள். அதெல்லாம் அவளைத் தொடவில்லை.

அமலி வாசலில் வந்து நின்றாள். காலையில் தண்ணீர் லாரி வந்துபோன ஈரம் முற்றத்தில் இன்னும் காயவில்லை. அவள் செருப்பு அந்த ஈரத்தை அறைக்குள் கொண்டுவந்தது.

"காலையிலேர்ந்து ஒரே எழுத்தா அக்கா?"

"வாயைத் திறக்க மாட்டேங்கிறா டீச்சர்."

"அவங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"இன்னைக்குச் சாயங்காலம் வருவாங்களாம். ஒரு வார்த்தை பேசியிருந்தா நாளைக்கு அனுப்புவாங்களாம். இல்லேன்னா வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டட்டும்னாங்க. கை நல்லாத்தானே இருக்குன்னாங்க."

அமலி சிறுமியைப் பார்த்தாள். சிறுமி இன்னும் கைக்குட்டையைப் பிடித்தபடி நேராக நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு இவ தெளிவாப் பேசினாளா, இல்லையா?"

அன்றைக்கு என்றால் எது என்று இருவருக்கும் தெரியும். செண்பகத்தின் அம்மா குருவம்மாள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டு வாசலில் தரையோடு தரையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் மூடியை நகர்த்தி வைத்திருந்தார்கள். நடக்கப் பழகிக் கொஞ்ச நாளே ஆன தம்பி அதற்குள் விழுந்தான். செண்பகம் பார்த்தாள். தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிற சங்கரபாண்டியிடம் ஓடினாள். அவரிடம் சொன்னாள். திரும்பி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குருவம்மாள் பையோடு வந்து நின்றபோது, அவள் தெருவைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் காந்திமதி அந்தச் சாவு வீட்டுக்குப் போனாள். குருவம்மாள் அழவில்லை. இவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"இவ அந்தத் தேய்ப்புக்காரர்கிட்டப் போயி நின்னாளாமே, டீச்சர்? இத்தனை வருஷமா பேசப் படிச்சாளே, டீச்சர்?"

காந்திமதி கூட்டத்துக்குப் பின்னால் போனாள். சுவரோரம் நின்ற செண்பகத்தின் முன் மண்டியிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். செண்பகம் நேராக நிமிர்ந்தாள். கைக்குட்டை இல்லாததால் கவுனைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். சொன்னாள்.

"தம்பி தொட்டியில விழுந்துட்டான். தாத்தாகிட்டப் போய்ச் சொன்னேன்."

காந்திமதிக்கு ஓர் எழுத்து விடாமல் புரிந்தது. 'தொட்டி'யின் டகரத்துக்காக அந்தப் பிள்ளையின் அண்ணத்தில் வெல்லப்பாகைத் தடவி, நாக்கை மடித்து அதை நக்கவைத்துப் பழக்கியிருந்தாள். ழகரத்துக்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் கரண்டிக் காம்பை வைத்து நாக்கைப் பின்னால் தள்ளியிருந்தாள். அதுவரை ஒருதரம்கூட வராத ழகரம் அன்றைக்கு வந்திருந்தது. சுத்தமாக வந்திருந்தது. அந்த வீட்டில், அந்த அழுகைக்கு நடுவில், ஒரு கணம் அவள் மனம் குளிர்ந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செண்பகம் பேசவில்லை.

"யார்கிட்டப் பேசினதைக் கேக்குறீங்க அக்கா?" என்றாள் அமலி.

"அந்தத் தேய்ப்புக்காரர்கிட்ட. என்கிட்டச் சொன்ன அதே வாக்கியம்தானே டீச்சர்? எனக்கு அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு. அந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் புரியல? காது அவிஞ்சு போச்சா?"

"அவரைக் கேட்டீங்களா?"

"அந்த மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல."

அறை விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி கிடையாது. சாப்பாட்டு நேரத்தை விளக்குதான் சொல்லும். பக்கத்து அறைகளிலிருந்து பிள்ளைகள் தட்டுகளோடு ஓடினார்கள்.

அமலி ஆணியிலிருந்து குடையை எடுத்தாள்.

"வாங்க. காது அவிஞ்சவரைப் பாத்துட்டு வந்துருவோம்."

இருவரும் வாசலைத் தாண்டும்போது செண்பகம் ஓடிவந்து காந்திமதியின் சேலையைப் பிடித்தாள். சமையற்கட்டுப் பக்கமாக இழுத்தாள்.

"வந்து பாக்குறேன். போய்ச் சாப்பிடு." காந்திமதி சேலையை விடுவித்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

சங்கரபாண்டி வண்டியை இடம் மாற்றியிருந்தார். முன்பு நின்ற தெருமுனையில் கரி கொட்டின கறுப்பு மட்டும் இருந்தது. வண்டி இப்போது அந்த வீடு கண்ணில் படாத இடத்தில், மின்சாரக் கம்பத்துக்கு மறுபக்கம் நின்றது. இவர்கள் வருவதைப் பார்த்ததும் அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"போலீஸ் கேட்டாச்சு. ஊரு கேட்டாச்சு. இப்பப் பள்ளிக்கூடமா?"

"விசாரிக்க வரல அண்ணாச்சி," என்றாள் அமலி. "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

"இவங்களுக்கா? இவங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் காந்திமதி. குரல் உயர்ந்துவிட்டது. "உங்க முன்னால வந்து நின்னு சொல்லியிருக்கா. எப்படி உங்களுக்குப் புரியாமப் போச்சு?"

"அது பேசினது எனக்கு என்னைக்கும்மா புரிஞ்சிருக்கு?"

காந்திமதி அவரையே பார்த்தாள்.

"நீங்கதானே டீச்சரம்மா வந்து வீடு வீடாச் சொல்லிட்டுப் போனீங்க? பாப்பா வந்து பேசும். புரியலேன்னு மூஞ்சியைச் சுளிச்சிராதீங்க. திருப்பித் திருப்பிக் கேட்டு மனசை ஒடிச்சிராதீங்க. நல்லாப் பேசுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தைரியம் வரும்னு. சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"நானும் அது வரும்போதெல்லாம் சொல்லுவேன். எதித்த டீக்கடைக்காரரு சொல்லுவாரு. பூக்காரம்மா சொல்லும். எங்களுக்கு என்ன, ஒரு வார்த்தைதானே. அதுவும் மூஞ்சி மலர்ந்து போகும்."

"அன்னைக்கு ஓடி வந்தாள்ல? ஓடி வந்ததைப் பாத்துமா தெரியல?"

"ஓடித்தான் வந்துச்சு. பிள்ளைங்க ஓடாதா? வண்டிக்கு முன்னால வந்ததும் நின்னுருச்சு. மூச்சை அடக்கிக்கிட்டு, கவுனை இப்படிப் பின்னால புடிச்சுக்கிட்டு..." அவர் கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். "நேரா நின்னு பேசுச்சு. எப்பவும் ஒப்பிக்கிற மாதிரிதான்."

"அழுதாளா?"

"அழுதிருந்தா நான் என்ன கல்லா? அழல. மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்ல. நான் குனிஞ்சு பெட்டிக்குக் கரி போட்டுக்கிட்டு இருந்தேன். என்ன தாயின்னு நிமிந்தேன். ரெண்டாந்தரம் சொல்லுச்சு. முதல்ல சொன்னதுக்கு இன்னும் நிதானமா, நிறுத்தி நிறுத்தி. சொல்லிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அமலி.

"நல்லாப் பேசுற தாயின்னேன்."

ஒரு சைக்கிள் போயிற்று.

"தலையை ஆட்டுச்சு. போயிருச்சு," என்றார் சங்கரபாண்டி. "நான் வருவேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போச்சோ என்னமோ. என் கையைப் புடிச்சு ஒரு இழு இழுத்திருந்தா, பெட்டியைப் போட்டுட்டுக் கூடவே ஓடியிருப்பேனேம்மா. ஒரு இழு."

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே தேய்த்து மடித்து வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்து உதறி விரித்து, முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.

திரும்பி வரும் வழியில் காந்திமதி நிழலைப் பார்த்து நடக்கவில்லை. அமலிதான் குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழி வந்ததும் காந்திமதி நின்றாள்.

"அவர் கரி போட்டுக்கிட்டு இருந்திருக்காரு டீச்சர். கவனமாக் கேக்கல. காது குடுத்துக் கேட்டிருந்தா புரிஞ்சிருக்கும்."

"ம்."

"என்ன ம்? உங்களுக்கு அப்படித் தோணலையா? மூணு வருஷம் டீச்சர். ஒரு எழுத்துக்கு ஒரு மழைக்காலம். அவ்வளவும் சும்மாவா?"

"வெயிலா இருக்கு அக்கா. வாங்க."

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் அமலி நேராக மாடியேறினாள். காந்திமதியையும் வரச் சொன்னாள். அந்த மாடியறையில் பாடம் நடக்கும்போது வேறு யாரும் போவதில்லை. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியை என்பது அங்கே விதி. அமலியின் பிள்ளை இருளப்பன் என்ற ஏழு வயதுப் பையன். முற்றத்தில் அவன் ஓடுவதைக் காந்திமதி பார்த்திருக்கிறாள். பேசிக் கேட்டதில்லை.

"அந்த முக்காலியில உக்காருங்க. சுவரைப் பாத்து."

"எதுக்கு டீச்சர்?"

"உக்காருங்க அக்கா. காது குடுத்துக் கேளுங்க."

காந்திமதி உட்கார்ந்தாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் தென்னைநார்ப் பாய் அடித்திருந்தது. அவள் அதன் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமலி கீழே போய்ப் பையனைக் கூட்டி வரும் காலடி கேட்டது. அவன் வெயிலில் விளையாடிவிட்டு வந்திருந்தான். மூச்சு இரைத்தது. பிறகு மூச்சு அடங்கியது. அவன் நேராக நிற்கிறான் என்று காந்திமதிக்குத் தெரிந்தது.

அவன் பேசினான்.

மூக்கும் தொண்டையும் சேர்ந்து இழுத்த ஓர் ஒலி. மேலே ஏறியது, இறங்க மறந்து அங்கேயே நின்றது. நடுவில் எதுவோ இரண்டு இடத்தில் உடைந்தது. முடிந்துவிட்டது.

காந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க, டீச்சர்."

அவன் இன்னொரு தடவை சொன்னான். இந்த முறை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. உடைந்த இடங்கள் இன்னும் அகலமாயின. இரண்டு உடைப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவள் தேடினாள். இருபத்தைந்து வருஷம் வகுப்பில் தமிழ் கேட்ட காது அது. ஒரு சொல் கிடைத்தால் போதும், மற்றதைப் பிடித்துவிடலாம். ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அவள் திரும்பினாள். பையன் கைக்குட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. பேசும்போது கை வரக் கூடாது.

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் சிரித்தாள்.

"நல்லாப் பேசுற ராசா," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

பையன் தலையை ஆட்டினான். ஆனால் போகவில்லை. அங்கேயே நின்றான்.

அமலி மூலையில் இருந்த பானையைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவனிடம் நீட்டினாள். அவன் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். மூச்சு விடாமல் குடித்தான். டம்ளரை நீட்டினான். அமலி மறுபடியும் மொண்டு கொடுத்தாள். அதையும் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்துச் செருகிக்கொண்டு, படியிறங்கி ஓடினான்.

காந்திமதி முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"டீச்சர், எனக்குத் தாகமா இருக்கு, ஒரு டம்ளர் தண்ணி தாங்கன்னான். முழு வாக்கியம்."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ஒரு எழுத்து விடாம."

"எப்படி?"

"நாலு வருஷமாக் கேக்குறேன்ல. அவன் வாய் கொஞ்சம்தான் திருந்தியிருக்கு. என் காது ரொம்பத் திருந்தியிருக்கு."

அமலி டம்ளரைக் கழுவினாள். கழுவிய தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றினாள். கீழே முற்றத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. எது சிரிப்பு, எது சண்டை என்று பிரிக்க முடியாத கூச்சல்.

"ழ வந்துச்சு, டீச்சர்," என்றாள் காந்திமதி.

"வந்திருக்கும்."

"அவ வாய்க்கு வந்துச்சா, என் காதுக்கு வந்துச்சா?"

அமலி டம்ளரைப் பானை மூடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டாந்தரம் அவ நிறுத்திச் சொன்னான்னு அந்தத் தேய்ப்புக்காரர் சொன்னாரே டீச்சர். நான்தான் அப்படிப் பழக்கினேன். புரியலேன்னா கத்தக் கூடாது, கையைக் காட்டக் கூடாது, இன்னும் நிதானமா இன்னொரு தடவை சொல்லணும்னு. அவ ஒண்ணையும் மறக்கல. தம்பி தண்ணிக்குள்ள கிடக்கான். அவ நின்னு மூச்சை அடக்கியிருக்கா. கையைக் கட்டியிருக்கா."

அமலி மேசைப் பக்கம் போனாள்.

"நான் சொல்லிக் குடுத்தது, டீச்சர்."

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்," என்றாள் அமலி.

அவள் தன் மேசை இழுப்பறையைத் திறந்தாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத் தைத்து அடுக்கிய கைக்குட்டைகள் அதில் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். எதையும் எடுக்கவில்லை. மூடவும் இல்லை.

படியில் காலடி கேட்டது. செண்பகம் வந்து நின்றாள். கையில் தட்டு இருந்தது. போட்ட சோறு போட்டபடி காய்ந்திருந்தது. தட்டைத் தரையில் வைத்தாள். அமலியைப் பார்த்தாள், காந்திமதியைப் பார்த்தாள். மாடியறையில் பாடம் நடக்கும்போது வேறு பிள்ளைகள் வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளே வந்தாள்.

காந்திமதி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அமலியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்கம்மா வந்துருவாங்க. நான் என்ன சொல்றது? என் உசுரைக் குடுத்தாவது இவளை ஒரு வார்த்தை பேசவெச்சிரலாம்னு காலையிலேர்ந்து பாக்குறேன். வாயைத் திறக்காமலே தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு உக்காந்துருவாளா? சொல்லுங்க டீச்சர். நீங்க எத்தனை பிள்ளைகளைப் பாத்திருக்கீங்க. இனி இவ பேசுவாளா?"

சிறுமியின் கை நீண்டு சேலை நுனியைப் பிடித்தது. இழுத்தது.

"வாயா..." என்று தொடங்கிவிட்டுக் காந்திமதி நிறுத்தினாள்.

கை விடவில்லை. மறுபடியும் இழுத்தது.

"அதை அப்புறம் கேளுங்க அக்கா," என்றாள் அமலி. "காலையிலேர்ந்து இவ உங்க சேலையை எதுக்கு இழுக்குறான்னு, முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

காந்திமதி எழுந்தாள்.

செண்பகம் முன்னால் போனாள். சேலையை விடாமல் படியிறங்கினாள். முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு, சமையற்கட்டைத் தாண்டி, பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே சுவரோரம் வந்ததும் சட்டென்று நின்றாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. சேலையை விட்டாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. லாரிக்காரர்கள் இரும்பு மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் விளிம்புவரை அசையாமல் நின்றது.

காந்திமதி மூடியைப் பிடித்து நகர்த்தப் பார்த்தாள். கனமாக இருந்தது. ஒரு முனை எழுந்தது, மறுமுனை எழவில்லை. மறுபடியும் பிடித்தபோது மறுமுனையும் எழுந்தது. அந்த முனையில் செண்பகம் குனிந்திருந்தாள்.

இருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வைக்கப் போகும்போது சிறுமி நின்றுவிட்டாள். எட்டி உள்ளே பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள், அடிவரை பார்த்தாள். காந்திமதி மூடியைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்த பிறகுதான் செண்பகம் தன் முனையை இறக்கினாள்.

மூடி தொட்டியில் பொருந்தி உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் காந்திமதி மட்டும் கேட்டாள்.

சிறுமியின் கைகள் துருவும் ஈரமுமாக இருந்தன. காந்திமதி குனிந்து, அவள் கவுன் இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவி, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.